கைக்குழியில் ஒரு பனியன் துண்டு

மே மாதக் கடைசி வாரம். டீச்சர்களுக்கு ஜாக்கெட் தைக்கிற எவளுக்கும் அந்த வாரத்தில் நேரத்துக்குச் சோறு கிடையாது. பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்குப் புது ஜாக்கெட்டோடு போகவேண்டும் என்று ஆளாளுக்கு நான்கைந்து துணிகளைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். மறுநாளிலிருந்தே போன் செய்ய ஆரம்பித்துவிடுவார்கள்.

அப்படி ஒரு மத்தியானம்தான் மாலதி டீச்சர் என் கடைக்குள் வந்தார். திருச்சி டவுனில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயது இருக்கும். கல்யாணமாகவில்லை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி அம்மாவோடு இருந்தார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர் என்றாலும் நான் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை அக்கா என்பார்.

வெயிலில் நடந்து வந்த முகம். ஸ்டூலைக் காட்டினேன், உட்காரவில்லை.

"அக்கா, நான் குடுத்த ஆறு துணியும் வெட்டிட்டீங்களா?"

"இன்னும் இல்லை டீச்சர். நாளைக்குத்தான் கத்திரி வைக்கணும்."

"வைக்க வேண்டாம். திருப்பிக் குடுத்துடுங்க. நான் வேலையை விடப் போறேன்."

கையிலிருந்த நூல் சுற்றிய பாபின் கீழே விழுந்து உருண்டு மெஷினுக்கு அடியில் போய்விட்டது. அதை எடுக்கிற சாக்கில் கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தேன்.

"என்ன டீச்சர் திடீர்னு?"

"ஒண்ணுமில்லைக்கா. அம்மாவுக்கு முடியல. வீட்ல இருக்கலாம்னு. லெட்டர்கூட எழுதிட்டேன், திங்கக்கிழமை எச்.எம். கிட்ட குடுத்துடுவேன்." சொல்லிக்கொண்டே கைப்பையைத் தொட்டுக் காட்டினார்.

அம்மாவுக்கு முடியவில்லை என்பது பொய். முந்தின நாள் காலையில்தான் அந்த அம்மாள் தள்ளுவண்டிக்காரரோடு கொத்தவரங்காய்க்காகத் தெருவே கேட்கும்படி சண்டை போட்டுக்கொண்டிருந்தார். டீச்சர் ஏன் வேலையை விடுகிறார் என்று எனக்குத் தெரியும். அவர் அம்மாவுக்குத் தெரியாது, பள்ளிக்கூடத்துக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

எப்படித் தெரியும் என்று சொல்ல வேண்டுமானால் முதலில் என் கதையைச் சொல்லியாக வேண்டும். உறையூர் வீடு, முதல் மெஷின், கல்யாணம், கடை என்று இந்தத் தொடரில் இத்தனை வாரமாக எழுதிவந்திருக்கிறேன். ஒன்றை மட்டும் ஒவ்வொரு வாரமும் சாமர்த்தியமாகத் தாண்டி வந்துவிட்டேன்.

மாம்பழம் தின்னாத முப்பது வருடம்

பதினாறு வயதில் எனக்கு வலது அக்குளில் ஒரு கட்டி வந்தது. வேர்க்கடலை அளவில் ஆரம்பித்து, நான்கு நாளில் கையை உடம்போடு சேர்த்து வைக்க முடியாத அளவுக்கு வீங்கியது. அம்மா வெல்லத்தையும் சுண்ணாம்பையும் குழைத்துப் போட்டாள். உடைந்தது. ஆறியது. அதற்குப் பக்கத்திலேயே அடுத்தது வந்தது.

"சூடு" என்றாள் அம்மா. தெருவே அதைத்தான் சொன்னது. வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல், காலையில் ஊறவைத்த வெந்தயம், மத்தியானம் நீர்மோர். அப்பா காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். சீசனில் அடிபட்ட மாம்பழங்களைப் பை நிறையக் கொண்டுவருவார். என் பங்கு தம்பிக்குப் போகும். எனக்கு மாம்பழம் சூடு, முட்டை சூடு, கத்தரிக்காய் சூடு. அந்த மாம்பழங்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

இடது அக்குளிலும் வந்தது. பிறகு தொடை இடுக்கில். பிறகு மார்புக்குக் கீழே. ஒரு பெண் வாய்விட்டுச் சொல்லக் கூசுகிற இடங்களாகப் பார்த்து வருகிற நோய் அது. கட்டி வந்து ஆறிய இடத்தில் தோல் கயிறு மாதிரி இறுகிவிடும். ஒரு கட்டிக்கும் இன்னொரு கட்டிக்கும் தோலுக்கு அடியிலேயே வழி உண்டாகிவிடும். இங்கே அமுக்கினால் அங்கே கசியும். கசிந்தால் நாறும். நாற்றம் என்ற வார்த்தையை எழுத ஒரு வாரம் யோசித்தேன். எழுதிவிட்டேன்.

மாதவிலக்குக்கு நாலு நாள் முன்னால் அக்குள் விண்ணென்று தெறிக்க ஆரம்பிக்கும். நான் காலண்டர் பார்த்ததே இல்லை.

இரண்டாவது பையன் பிறந்தபோது மார்புக்குக் கீழே வந்த கட்டியால் பிள்ளையை அந்தப் பக்கம் அணைக்கவே முடியவில்லை. மூன்றாம் மாதமே பால் கொடுப்பதை நிறுத்தினேன். "பால் சூடு பிடிச்சுடுச்சு" என்று மாமியார் அக்கம்பக்கத்தில் சொன்னார். நான் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

டாக்டர்களிடம் போகாமல் இல்லை. மூன்று தடவை கீறிவிட்டார்கள். துணியைத் திணித்து, மறுநாள் அதை உருவி எடுக்கிற வலியை என்னால் எழுத முடியாது. மூன்று தடவையும் மூன்று பேர் கையைத் துடைத்துக்கொண்டே ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்.

"சுத்தமா இருக்கணும்மா. நல்லாத் தேய்ச்சுக் குளிங்க."

நான் ஒரு நாளைக்கு மூன்று வேளை குளித்தவள். பீர்க்கங்காய் நாரை வைத்துத் தோல் உரியும்வரை தேய்த்தவள். அப்படித் தேய்த்ததே அதை இன்னும் கிளறிவிட்டது என்று பின்னால்தான் தெரிந்தது. அழுக்குக்காரி என்று மூன்று படித்தவர்கள் சொன்ன பிறகு நான்காவது ஆளிடம் போவதற்கு எனக்கு மனசு வரவில்லை.

என்னுடைய கண்டுபிடிப்பு

தையல்காரிக்கு ஒரு வசதி உண்டு. மறைப்பதை அவளே தைத்துக்கொள்ளலாம்.

கை வந்து உடம்போடு சேருகிற இடத்தை நாங்கள் கைக்குழி என்போம். ஜாக்கெட்டின் உயிரே அங்கேதான் இருக்கிறது. இறுக்கினால் கை தூக்க முடியாது, தளர்த்தினால் சுருக்கம் விழும். என் ஜாக்கெட்டுகளில் அந்த இடத்தில் உள்பக்கமாகச் சதுரமாக ஒரு துண்டு வைத்தேன். நல்ல துணி உறுத்தும். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய பனியன் துணிதான் அதற்குச் சரி. என் வீட்டுக்காரர் அரியமங்கலத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். அவருடைய பனியன்கள் ஒவ்வொன்றாக என் கத்திரிக்கு வந்துசேர்ந்தன. கலர் எப்போதும் கறுப்பு, மெரூன், கருநீலம். கறை தெரியாது.

கறை தெரியாவிட்டாலும் கை தூக்க முடியாதே. சித்திரைத் தேர் அன்றைக்கு இந்த ஊரே இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி "ரங்கா, ரங்கா" என்று கத்தும். நான் நெஞ்சுக்கு நேராக ஒரு கும்பிடு போட்டுவிட்டு நிற்பேன்.

எங்கள் தெருவில் ரங்கநாயகி மாமி என்று ஒருவர். மடி, ஆசாரம் எல்லாம் பார்ப்பவர். துணியை என் கையில் கொடுக்க மாட்டார். ஒரு முழ உயரத்திலிருந்து மேஜைமேல் போடுவார். தைத்ததைக் கொண்டுபோய் நனைத்த பிறகுதான் தொடுவார். ஆனால் நாற்பது ஜாக்கெட்டுக்கும் குறையாமல் என்னிடம்தான் தைத்திருக்கிறார், நான்கு பேரிடம் என் தையலைப் புகழ்ந்தும் இருக்கிறார். அவர் ஒரு தேர் அன்றைக்கு என் பக்கத்தில் நின்றார்.

"ஏண்டி வசந்தா, நன்னாக் கையைத் தூக்கிச் சேவியேன். பெருமாளுக்கு முன்னாடி என்னடி வெட்கம்?"

நான் சிரித்து வைத்தேன். இந்த மாமிக்கு மட்டும் விஷயம் தெரிந்தால் நாளைக்கு என் மேஜைமேல் ஒரு துணி விழாது என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பயம் பிறகு ரொம்ப வருடம் என்னைவிட்டுப் போகவில்லை.

அளவு ஜாக்கெட்

மாலதி டீச்சர் முதன்முதலாக என்னிடம் வந்தபோது டேப்பை எடுத்தேன். "கையைத் தூக்குங்க டீச்சர்." அவர் தூக்கவில்லை. "அளவு ஜாக்கெட் கொண்டுவந்திருக்கேன்கா. அதை வெச்சே தைச்சுடுங்க" என்று ஒரு பையை நீட்டினார்.

அதில் தப்பில்லை. பாதிப் பேர் அப்படித்தான் செய்வார்கள். உடம்புக்குச் சரியாக இருக்கிற பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்தால் அதை விரித்துவைத்து அளவெடுத்துக்கொள்வோம்.

அவர் போன பிறகு அதை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினேன். மெரூன் கலர். வியர்வைக் கறை பிறை மாதிரிப் பரவும். இது பொட்டுப் பொட்டாக இருந்தது, வெந்நீரில் அலசி இறுகிப்போயிருந்தது. கைக்குழியில் உள்பக்கமாக ஒரு துண்டு. மெஷின் தையல் இல்லை, கைத்தையல், தையல் தெரியாத கை. ஆனால் துணி பனியன் துணி.

என் ஜாக்கெட்டையே கையில் பிடித்திருப்பதுபோல் இருந்தது. உலகத்தில் எனக்கு மட்டும்தான் இந்தச் சனியன் என்று நினைத்திருந்தவள் நான். ஒரு நிமிஷம் மனசுக்குள் என்னமோ ஒரு ஆறுதல்கூட வந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது.

அப்புறம் என்ன செய்தேன்? அவருடைய கோணல் துண்டைப் பிரித்துவிட்டு, புதிதாகத் தைத்த எல்லா ஜாக்கெட்டுகளிலும் நல்ல பனியன் துணியை வெட்டி அழகாக வைத்துக் கொடுத்தேன். கைக்குழியில் அரை இஞ்ச் கூட்டினேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. வியர்வைக்கு வைத்த துண்டு என்று நான் நினைத்துக்கொண்டதாக எண்ணியோ என்னவோ, டீச்சரும் வாங்கிக்கொண்டு போனார். அடுத்த முறை, "போன தடவை மாதிரியே வைங்கக்கா, கொஞ்சம் இன்னும் லூசா" என்று மட்டும் சொன்னார். கூட ஒரு அரை இஞ்ச். அதற்கடுத்த முறை இன்னொரு அரை இஞ்ச்.

அவருக்குப் பெரிய உதவி செய்கிறேன் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

யாரும் கேட்காத கேள்விகள்

டீச்சர் வர ஆரம்பித்து ஒரு வருடம் போயிருக்கும். எனக்குச் சர்க்கரை என்றார்கள். தில்லை நகரில் ஒரு கிளினிக்குக்குப் போனபோது, ஜாக்கெட் கையை ஏற்றிவிட்டு ஊசி குத்திய நர்ஸ் என் அக்குளில் தழும்பைப் பார்த்துவிட்டு, அடுத்த அறையிலிருந்த தோல் டாக்டரிடம் என்னைத் தள்ளிக்கொண்டு போகாத குறையாகக் கூட்டிப்போனார். சின்ன வயசுப் பெண் டாக்டர்.

அவர் பார்த்தார். கீறலாம் என்று சொல்லவில்லை. கேட்க ஆரம்பித்தார்.

"ரெண்டு பக்கமும் வருமாம்மா?"

"ஆமாங்க."

"தொடை இடுக்குல? மார்புக்குக் கீழ?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"பீரியட்ஸுக்கு முன்னாடி அதிகமாகுமா? ஒண்ணு ஆறுறதுக்குள்ள பக்கத்துல இன்னொண்ணு வருமா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் யாரிடமும் சொல்லாததை எல்லாம் இந்தப் பெண் எங்கே இருந்து தெரிந்துகொண்டது? எத்தனை வருடமாக என்று கேட்டார். பதினாறு வயதிலிருந்து என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அம்மா, இது அழுக்கால வர்றது இல்லை. சூட்டாலயும் இல்லை. யாருக்கும் ஒட்டாது. உடம்பே தன்னைத்தானே அழற்சி பண்ணிக்கிற ஒரு நோய். பேரு இருக்கு."

ஹைட்ரடினைடிஸ் சப்புரேடிவா. வாய்க்குள் நுழையாத பெயர். நான் அதைத் துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டேன். முழுதாகப் போய்விடும் என்று சொல்லமாட்டேன், அடக்கி வைக்கலாம் என்றார். மாதக்கணக்கில் மாத்திரை, கழுவ ஒரு திரவம், பூச ஒரு மருந்து. எடையைக் குறைக்கச் சொன்னார். நாரைத் தூக்கிப் போடச் சொன்னார். "மாம்பழம்?" என்று கேட்டேன். "சர்க்கரைக்காக வேணா கம்மியா சாப்பிடுங்க" என்று சிரித்தார். முப்பது வருடம் காத்திருந்தேன், கடைசியில் சர்க்கரை வந்து கெடுத்துவிட்டது!

நாலைந்து மாதத்தில் எனக்கு நன்றாகவே குறைந்தது. அன்றைக்கே நான் டீச்சரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒரு மாதம் போனது, ஒரு வருடம் போனது. ஒவ்வொரு தடவை அவர் வரும்போதும் நாக்கு நுனிவரை வரும். அவராகச் சொல்லாதபோது நான் எப்படி ஆரம்பிப்பது? ஆரம்பித்தால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாரே? எனக்கும் இருக்கிறது என்று சொல்ல வேண்டுமே? சீழ் வடிகிற உடம்பை வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் ஜாக்கெட் தைக்கிறாள் என்று ஒரு பேச்சு கிளம்பினால் என் கடை என்ன ஆகும்?

ஒட்டாது என்று டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும். ரங்கநாயகி மாமிக்கு யார் சொல்வது?

மறைப்புக்குப் பின்னால்

மறுபடி அந்த மே மாத மத்தியானம். ஆறு துணிகளையும் எடுத்து மேஜைமேல் வைத்தேன். எல்லாம் இருட்டுக் கலர். டீச்சர் அவற்றைப் பையில் போட்டுக்கொண்டு, "வர்றேன்கா" என்றார்.

அவர் வாசல்படியில் கால் வைத்தபோது எனக்கு என்ன தைரியம் வந்ததோ தெரியாது. தைரியம்கூட இல்லை, இவர் வெளியே போய்விட்டால் இனி வரப்போவதில்லை என்ற பயம்தான்.

"டீச்சர், ஒரு நிமிஷம் உள்ளே வாங்க."

துணி போட்டுப் பார்க்கக் கடையின் மூலையில் திரை கட்டி ஒரு மறைப்பு வைத்திருக்கிறேன். அவரை அங்கே கூட்டிப்போனேன். திரையை இழுத்துவிட்டு, என் ஜாக்கெட் கொக்கிகளைக் கழற்றினேன். டீச்சர் மிரண்டுபோய், "அக்கா, என்ன பண்றீங்க?" என்றார். நான் வலது கையைத் தூக்கினேன்.

"இதுதானே டீச்சர்?"

அவர் பார்த்தார். கயிறு கயிறாக இறுகின தோலை, ஆறின குழிகளை, ஆறாமல் கசிந்துகொண்டிருந்த ஒன்றை. அவருடைய கை தானாகப் போய் அவருடைய அக்குளைப் பொத்திக்கொண்டது.

இது நோய், அழுக்கு இல்லை, இதற்கு டாக்டர் இருக்கிறார், எனக்குக் குறைந்திருக்கிறது என்று மடமடவென்று எல்லாவற்றையும் கொட்டினேன். டீச்சர் கேட்டுக்கொண்டே நின்றார். அழுவார் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை.

"எனக்கு இருக்குன்னு உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"மொத நாளே டீச்சர். அளவு ஜாக்கெட்டைப் பார்த்ததும்."

"அந்த டாக்டரைப் பார்த்தது?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

கணக்கு டீச்சர் இல்லையா? மனசுக்குள் கூட்டிப் பார்த்தார்.

"இந்த ரெண்டு வருஷத்துல நான் நாலு தடவை போய்க் கீறிக்கிட்டு வந்தேன்கா. போர்டுல பாதிக்கு மேல கை போகாது, கீழ்ப்பாதியிலேயே எழுதுவேன். கடைசி பெஞ்சுப் பிள்ளைங்க எந்திரிச்சு நின்னு பார்க்கும். மொத பெஞ்சுல ரெண்டு பேர் மூக்கைப் பொத்திக்கிட்டு என்னைப் பார்க்காம இருப்பாங்க, நான் சங்கடப்படக் கூடாதாம். பெண் பார்த்துட்டுப் பிடிச்சிருக்குன்னு சொன்ன ஒருத்தரை, காரணமே சொல்லாம நான் வேண்டாம்னுட்டேன். அம்மா எங்கிட்ட ஒரு மாசம் பேசல."

மூச்சு வாங்கிக்கொண்டார்.

"நீங்க பாட்டுக்கு அரை அரை இஞ்சா கூட்டிக்கிட்டே இருந்தீங்க."

"தப்புதான் டீச்சர்" என்றேன். துணிகளோடு குத்தி வைக்கிற சீட்டு ஒன்றில் டாக்டர் பெயரை எழுதி நீட்டினேன். அவர் திரையைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். சீட்டு என் கையிலேயே இருந்தது. அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பார்த்துவிட்டதற்கு இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை.

வீட்டிலும் ஒருவர்

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். எனக்கு இருக்கிற நோயின் பெயரையே அவரிடம் அன்றைக்குத்தான் முழுதாகச் சொன்னேன். சர்க்கரை மாத்திரையோடு சேர்த்து இந்த மாத்திரையையும் போட்டுக்கொண்டதால் அவர் கேட்டதில்லை.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் பொண்ணு கோவப்பட்டது நியாயம்தானே" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "என் பனியனெல்லாம் எங்க போகுதுன்னு எனக்குத் தெரியாதா வசந்தா?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்பலேர்ந்து?"

"கல்யாணமான ரெண்டாவது வருஷத்துலேர்ந்து."

"அப்போ ஏங்க ஒரு வார்த்தை கேக்கல?"

"நீ மறைச்சுக்கிட்டே இருந்தே. கேட்டா உனக்குச் சங்கடமா இருக்கும்னு நெனச்சேன். அதான் புது பனியன் வாங்கும்போது ரெண்டு கூடவே வாங்கிடுவேன்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் கையைப் பிடித்துக்கொண்டு நான்காவது டாக்டரிடம் போயிருப்பேனே. பனியன் வாங்கிப்போட்டாராம்! வாய்க்கு வந்தபடி திட்டினேன். அந்த மனிதர் கெட்டவர் இல்லை. அன்பாகத்தான் இருந்தார். நானும் டீச்சரிடம் அன்பாகத்தான் இருந்தேன். திட்டி முடித்த பிறகுதான் டீச்சர் என் முன்னால் எப்படி நின்றார் என்பது எனக்கு உறைத்தது.

திங்கட்கிழமை போனது. அந்தக் கடிதம் எச்.எம். மேஜைக்குப் போனதா இல்லையா என்று தெரியாமல் நான் தைத்த அத்தனை ஜாக்கெட்டிலும் கொக்கியை மாற்றி மாற்றி வைத்தேன். பள்ளிக்கூடம் திறந்தார்கள். டீச்சர் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை. அவர் அம்மாவைக் கோயில் வாசலில் பார்த்தபோது, "சௌக்கியமாம்மா?" என்று கேட்டேன். அதற்கு மேல் கேட்க வாய் வரவில்லை.

ஆடியில்

ஆடி பிறந்து சில நாள் ஆகியிருக்கும். அதே பையோடு டீச்சர் வந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். பையை மேஜைமேல் வைத்துவிட்டு, இந்தத் தடவை ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"லெட்டரைக் கிழிச்சுட்டேன்கா. மெடிக்கல் லீவுல இருந்தேன். வலது பக்கம் உள்ளே வழி விழுந்துட்டுதுன்னு ஆபரேஷன் பண்ணினாங்க. இடது பக்கம் மாத்திரையில குறையுது. முழுசா சரியாகாதுன்னுட்டாங்க."

"எனக்கும் அதையேதான் சொன்னாங்க டீச்சர்."

"நீங்க முன்னாடியே சொல்லியிருந்தா ஆபரேஷன் வரைக்கும் போயிருக்காது." கோபமில்லாமல்தான் சொன்னார். ஆனால் சொன்னார். அதை அவர் விழுங்கியிருந்தால் நாங்கள் இன்றைக்கு இப்படிப் பேசிக்கொள்கிறவர்களாக இருந்திருக்க மாட்டோம்.

டேப்பை எடுத்தேன். அளவு ஜாக்கெட் கொடுக்கவில்லை. எழுந்து நின்று, வலி பொறுத்துக்கொண்டு, முடிந்த அளவுக்குக் கையை விலக்கினார். மூன்று வருடத்தில் முதல்தடவையாக அவர் உடம்புக்கு அளவெடுத்தேன். நான் வைத்திருந்த கைக்குழி இரண்டு இஞ்ச் அதிகம்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் ஓடிவிட்டது. டீச்சருக்கு நல்ல நாளும் இருக்கிறது, கெட்ட நாளும் இருக்கிறது. சில மாதம் கட்டி வருகிறது, லீவு போடுகிறார், மறுபடி போகிறார். அம்மாவிடம் சொல்லிவிட்டார். அந்த அம்மாள் இன்னும் வெந்தயத்தை ஊறவைத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

போன மாதம் ஒரு நாள் டீச்சர் வந்து ஒரு விஷயம் சொன்னார். அவருடைய வகுப்பில், ஒன்பதாவது படிக்கிற ஒரு பெண், இரண்டு நாளாக ஒரு கையை விலாவோடு ஒட்டவைத்துக்கொண்டே இருந்தாளாம். மூன்றாவது நாள் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். அன்றைக்குச் சாயங்காலமே அவள் அம்மாவை வரவழைத்திருக்கிறார். "சூட்டுக் கட்டி டீச்சர், வெளியே சொல்லிடாதீங்க" என்று அந்த அம்மா கெஞ்சியிருக்கிறாள். டீச்சர், தனக்கு இருப்பதை முதலில் சொல்லிவிட்டு, பிறகு டாக்டர் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

நான் எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்று நாள். எனக்கு மூன்று வருடம் ஆயிற்று.

"அக்கா, உங்க தொடரை வாராவாரம் படிக்கிறேன்" என்றார் டீச்சர். "கொலுசு தொலைஞ்ச கதையெல்லாம் எழுதறீங்க. இதை எப்போ எழுதப் போறீங்க?"

மாமி படிப்பாரே என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

எழுதி முடித்து டீச்சரிடம் வாசித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் திருத்தம் சொன்னார். அவருக்கு இன்னும் கல்யாணப் பேச்சு நடக்கிறது, ஊரார் கண்ணில் படவேண்டியதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். அதனால் அவர் பெயரையும், ஊர் அடையாளம் கண்டுகொள்ளக்கூடிய சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். வசந்தா என்பது என் சொந்தப் பெயர்தான்.